ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் படிவு: ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

தக்கலைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். காலையில் தக்கலையிலிருந்து பத்மநாபபுரத்துக்குப் பணிக்குச் சென்று மாலையில் திரும்புவதோடு அதன் ஓட்டம் முடிந்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். சென்ற ஞாயிறன்று ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது, அதன் உட்புறத்தில் பாலாடையைக் குழைத்து அப்பியது போல இளமஞ்சள் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் டப்பாவிலும் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. பட்டறையில் காட்டினேன். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கு அடியில், ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். மூடியைப் பார்த்ததற்கு மேல் வேறு எதையும் அவர்கள் சோதிக்கவில்லை. அவ்வளவு செலவு செய்வதற்கு முன் வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

மார்த்தாண்டம் மெக்கானிக்:

ஐயா, மூடியை மட்டும் பார்த்து ஹெட்டை இறக்கச் சொல்வது சரியான முறை ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட்டாலும், பிஸ்டன் ரிங்கைக் கடந்து கொஞ்சம் இன்ஜினுக்குள் இறங்கவே செய்யும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் ஆயில் சூடாவதே இல்லை. அதிலும் தென்மேற்குப் பருவமழை விட்டு வடகிழக்கு மழை பிடிக்கும் நம் மாவட்டத்தில் ஆண்டில் பாதி நாள் காற்றே ஈரமாக இருக்கிறது. மூடிதான் இன்ஜினில் குளிர்ந்த இடம் என்பதால் அங்கேயே படிகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை. இரவு முழுவதும் வண்டி நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் அதை இழுத்துப் பாருங்கள். ஆயில் பழுப்போ கருப்போ தெளிவாக இருந்து, அளவும் கூடாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பால் கலந்த காப்பி போல இருந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ, அதற்குமேல் இன்ஜினை ஓட விடாதீர்கள். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். அந்நிலையில் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால், பிரிந்து நிற்கும் தண்ணீர் ஆயிலைவிடக் கனமானதால் முந்தி வரும். அதில் கூலன்ட்டின் பச்சையோ சிவப்போ தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். ஆயிலோடு கலந்து குழம்பிய நீர் இப்படிப் பிரியாது. ஆகவே குப்பியில் நீர் காணாததை மட்டும் நம்ப வேண்டாம்.

குளச்சல் டீசல்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கூலன்ட் இறங்கியிருப்பதை அலட்சியம் செய்யக் கூடாது. என் டீசல் வண்டியில் இதே போலக் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது. ஹெட் கேஸ்கெட் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் ஓட்டை விழுந்திருந்தது, கூலன்ட்டைக் கொண்டு ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலரில். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் கூலன்ட்டுக்குள் போனது. வண்டியை நிறுத்திய பிறகு, சூட்டில் அழுத்தம் தங்கியிருந்த கூலன்ட் ஆயிலுக்குள் வந்தது. டப்பாவுக்குள் கருப்பு ஆடை மிதக்கிறதா என்று தினமும் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க, ரேடியேட்டரின் மேற்பகுதியில் நிற்கும் காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் கருவி ஒன்று உண்டு. எரிந்த வாயு கசிந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் திரவம் மஞ்சளாக மாறும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரில் பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். இரண்டுக்குமே ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. இன்னொன்று கேட்க வேண்டும்: குறைந்தபோது கிணற்றுத் தண்ணீரை ஊற்றினீர்களா? கடலோரக் கிணற்று நீரின் உப்பு அலுமினிய ஹெட்டை அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலன்ட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

தக்கலைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கிணற்று நீர் இரண்டு தடவை ஊற்றியது உண்மைதான். இனிச் செய்ய மாட்டேன். நேற்றுக் காலை டிப்ஸ்டிக் தெளிந்த பழுப்பாக இருந்தது, அளவும் கூடவில்லை. நாகர்கோவிலில் வேறொரு பட்டறையில் அந்த நீலத் திரவச் சோதனையைச் செய்தார்கள், நிறம் மாறவில்லை. அழுத்தம் ஏற்றியபோதுதான் ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் கிளிப் பிடித்திருந்த இடத்தில் ஒரு துளி துளிர்த்து நின்றது. அதைச் சுற்றி, காய்ந்த கூலன்ட் பச்சையாகப் பொருக்குத் தட்டிக் கிடந்ததை நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. கிளிப்பை மாற்றி, ஆயிலையும் கூலன்ட்டையும் புதிதாக ஊற்றியாகிவிட்டது. மூடியைத் துடைத்துவிட்டு, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு வரை நிற்காமல் போய்த் திரும்பினேன். இரவு மூடியைத் திறந்தபோது உட்புறம் ஆயில் பூசியபடி சுத்தமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து டப்பாவின் அளவை மறுபடியும் எழுதுகிறேன்.