பேரிங் வண்டி இறக்கத்தில் பின்தங்குகிறது, எடை ஏற்றியும் பயனில்லை

கோத்தகிரிக்காரன்:
அக்கா பையனுக்குப் பேரிங் வண்டி செய்து கொடுத்தோம். பலகை, இரண்டு இரும்பு ராடு, நான்கு பேரிங், முன் அச்சைத் திருப்பக் கயிறு. எஸ்டேட் ரோட்டில் மற்ற பசங்களோடு விட்டால் முதல் சில்வர் ஓக் மரத்துக்குள்ளேயே பின்தங்கிவிடுகிறது. கனமான வண்டிதான் வேகமாக இறங்கும் என்றார்கள். மணல் மூட்டை ஏற்றியும் மாற்றமில்லை. கிரீஸ் நிறையவே அடைத்திருக்கிறேன். வேறென்ன பண்ணலாம்?

குன்னூர் பட்டறை:
எடையை விடுங்க தம்பி. எடை கூடினால் கீழே இழுக்கும் விசை கூடும், நகர்த்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடும். உருளும் உராய்வும் கூடவே ஏறும். கனம் கைகொடுப்பது காற்றை எதிர்த்து மட்டும்தான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், கீழே போகப்போகத்தான் அது தெரியும். உங்க வண்டி மேலேயே பின்தங்கிவிடுகிறது, அப்போ கோளாறு சக்கரத்தில்தான். இந்தக் குளிரில் கிரீஸ் இன்னும் கெட்டியாகும். துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்க. அப்புறம், முன் அச்சின் நடுப் போல்ட்டிலிருந்து பின் அச்சின் இரு முனைக்கும் கயிறு பிடித்து அளங்க. இரண்டும் ஒன்றாக இருக்கணும்.

ஊட்டி வாத்தியார்:
கூடுதல் தகவல்: 2,240 மீட்டரில் எங்கள் ஊர்க் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைக் குறை சொல்ல இது ஊரே இல்லை!

கோத்தகிரிக்காரன்:
அளந்தேன் அண்ணா. வலப்பக்கம் ஒரு விரற்கடை குறைவு! அதனால்தான் பையன் கயிற்றை ஒரு பக்கமாகவே இழுத்துப் பிடித்திருக்கிறான். நட்டைத் தளர்த்தி ராடை நேராக்கி, எண்ணெயும் விட்டோம். இப்போ முதல் ஆளாகப் போகிறது. பெரிய சக்கரம் மாட்டினால் இன்னும் போகுமா?

குன்னூர் பட்டறை:
போகும். ஜல்லி துருத்திய தாரில் சின்ன பேரிங் ஒவ்வொரு கல்லிலும் இடிக்கும், பெரியது ஏறித் தாண்டும். ஆனால் விளிம்பு லேசாக இருக்கணும். விளிம்பில் ஒரு கிலோ இருந்தால் அது சுழலவும் ஆற்றல் வேண்டும், ஓடவும் வேண்டும். வேகமெடுக்கும்போது இரண்டு கிலோ மாதிரி.

அதற்கு முன்னால் பிரேக் எங்கே? செங்குத்தாக 10 மீட்டர் இறங்கினால், உராய்வே இல்லையென்றால் மணிக்கு 50 கிலோமீட்டர். நிஜத்தில் குறையும், ஆனாலும் கொண்டைஊசி வளைவில் செருப்புக் காலை வைத்து நிறுத்த முடியாது. பழைய டயர்த் துண்டைக் கட்டையில் அடித்து, கீல் போட்டு, இழுத்தால் ரோட்டில் அழுந்துகிற மாதிரி பின்னால் மாட்டுங்க. ஹெல்மெட்டும் கட்டாயம். முதலில் சாய்வு குறைந்த இடத்தில் விட்டுப் பார்த்துட்டு போட்டோ போடுங்க.