அம்மாவை மாலில் நடக்க வைத்தால் போதுமா, பூங்காவுக்குத்தான் கூட்டிப் போக வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் மகள்
வணக்கம். அம்மாவுக்கு 72 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை, வலது முழங்காலில் தேய்மானம். கிளினிக்கில் "தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், எங்கே, எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. தம்பி மாலுக்குக் கூட்டிப் போனான். ஏசி, வழவழப்பான தரை, வாசலில் செக்யூரிட்டி, எல்லாம் இருந்தும் இரண்டே வாரம்தான். "கடை கடையாய் வேடிக்கை பார்க்க நான் என்ன சின்னப்பிள்ளையா" என்று உட்கார்ந்துவிட்டார். இங்கே தென்னாப்பிரிக்கா டர்பனில் நம் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர், அந்தக் காலத்தில் எங்கே போனாலும் நடைதான், இப்போது கேட் வரை போகவே என்னைக் கூப்பிடுகிறார். மரம் செடி உள்ள இடத்தில் நடந்தால் பலன் கூடுதல் என்கிறார்களே, உண்மையா? தம்பியோ எங்கே நடந்தாலும் நடைதானே என்கிறான்.

மெரிபேங்க் நர்ஸ் (ஓய்வு)
உங்கள் தம்பி சொல்வது பாதி சரிம்மா. சர்க்கரை இறங்கக் கால் தசை வேலை செய்தால் போதும், அது மாலா மாந்தோப்பா என்று தசைக்குத் தெரியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தாலே, அப்போது ஏறுகிற சர்க்கரை குறைகிறது.

ஆனால் காற்று வேறு விஷயம். லண்டனில் 60 வயது தாண்டியவர்களை ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவிலும் இன்னொரு நாள் ஹைட் பார்க்கிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பார்க்கில் நடந்த பிறகு மூச்சு நன்றாக இருந்தது, ரத்தக்குழாய் விறைப்பும் குறைந்தது. பஸ் புகைக்கு நடுவே நடந்த நாளில் அந்தப் பலன் பெருமளவு காணாமல் போனது. ஆலைகள் சூழ்ந்த மெரிபேங்க்கில் குடியிருக்கும் எனக்கு இதைச் சொல்ல லான்செட் வேண்டாம், காற்று திசை மாறினால் மூக்கே சொல்லிவிடும்.

அப்புறம் தினம் 10,000 காலடி என்ற கணக்கை அம்மா தலையில் கட்டாதீர்கள். அது 1965 வாக்கில் ஜப்பானில் நடை எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில் (2019), தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது, 7,500க்கு மேல் போனால் கூடுதல் வித்தியாசம் இல்லை.

அம்மா இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ இறக்கும் மாத்திரையோ எடுத்தால் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். புதுச் செருப்போடு மட்டும் கிளம்ப வேண்டாம்.

ஃபீனிக்ஸ்காரன்
எல்லாம் சரி, ஆனால் இந்தப் பச்சைப் புராணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வாரம் 120 நிமிஷம் இயற்கையோடு இருப்பவர்கள் ஆரோக்கியமாக இருப்பதாக இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரைக் கேட்டு எழுதினார்கள். உடம்பு நன்றாக இருக்கிறவன்தானே வெளியே போவான்? எது முதலில், எது பின்னால் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நம்மூர் நிலவரமும் தெரிந்ததுதான், போன வருஷம் ஒரு காட்டுப் பாதையில் என் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், நானே நாற்பது வயசு ஆள். வயசான அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலையும் மாமரமும் இருந்தால் அதைச் சுற்றட்டுமே.

தாத்தா 78
ஃபீனிக்ஸ் தம்பி, கொல்லையில் சுற்றினால் ஆறாவது சுற்றில் சலித்துவிடும், நானும் சுற்றியவன்தான். இப்போது டர்பன் பொட்டானிக் கார்டனுக்குப் போகிறேன். 1849இல் வைத்த தோட்டம், கட்டணம் கிடையாது, வாசலில் காவல் உண்டு, இப்போதும் நாங்கள் நாலு பேராகத்தான் போவோம். ஜனவரி பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் கேட் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், ஒன்பது தாண்டினால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

மால் தரையில் கால் ஒரே மாதிரி விழும். இங்கே வேர் ஒன்று மேலே துருத்தியிருக்கும், புல் ஈரமாக இருக்கும், பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்குத் தடுமாற்றம், இப்போது குறைந்திருக்கிறது. முழங்கால் வலிக்காரர் முதல் மாதம் தார்ப்பாதையிலேயே கம்போடு நடக்கட்டும். வழியில் பெஞ்சு இருக்கிறது, உட்காரலாம். ஹடீடா பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே போகும், அதைத் திட்டிக்கொண்டே இன்னும் நூறு அடி நடந்துவிடுவோம். அந்தத் தோட்டத்துப் பொறுப்பாளராக இருந்த மெட்லி வுட் 1895இல் ஒங்கோயே காட்டில் கண்டெடுத்த, பனை மாதிரி இருக்கும் சைகாட் மரமும் அங்கேதான் நிற்கிறது. ஆண் மரம், அதற்கு ஒரு பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. நாங்கள் அதை மாப்பிள்ளை என்போம், போகும்போதெல்லாம் ஒரு விசாரிப்பு.

சாட்ஸ்வொர்த் மகள்
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை கூட்டிப் போனேன். தாத்தா சொன்ன மாப்பிள்ளை வரை போய்த் திரும்பினோம், நடுவில் மூன்று முறை உட்கார்ந்தார். போனில் பார்த்தால் 3,100 அடி. நான் நினைத்தது வேறு, நடந்தது வேறு: குளத்தோரப் பெஞ்சில் ஒரு அம்மா, பேச்சுக் கொடுத்தால் அவரும் மேகசின் பாரக்ஸ்! யார் வீடு எந்த வரிசை என்று இருவரும் பேசிக்கொண்டே இன்னொரு சுற்றுப் போய்விட்டார்கள், பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான். பாதம் நன்றாக இருக்கிறது நர்ஸ் அக்கா, பார்த்தேன். ஒரே ஒரு தொல்லை, பையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது. அடுத்த சனிக்கிழமைக்கு வேறென்ன எடுத்துப் போகலாம்?