வாஷிங் மெஷினை மறைக்கும் கபோர்டு: கதவுக்கு எந்தக் கீல் சரிவரும்?

யுட்டிலிட்டியில் ஃப்ரண்ட் லோடு மெஷினை மூடி கபோர்டு அடிக்கிறோம். கதவு விஷயத்தில் உங்கள் யோசனை தேவை.

மெஷின் 600 மி.மீ. அகலம், 850 உயரம், 600 ஆழம். கபோர்டின் உள்ளளவு 660 × 890. பின்னால் ஹோஸ் மடங்காமல் இருக்க ஆழம் 700. 18 மி.மீ. பிடபிள்யூபி பிளைவுட் (ஐஎஸ் 710, தண்ணீர் தாங்கும் ரகம்). முதுகுப் பலகை, அடிப்பலகை இரண்டுமே இல்லை, மெஷின் நேராகத் தரையில்தான். பலகை மேல் ஏற்றினால் ஸ்பின் ஓடும்போது பெட்டியே அதிர்ந்து ஸ்க்ரூ எல்லாம் லூஸாகிவிடும். குழாயும் பிளக் பாயின்ட்டும் பக்கத்து கபோர்டுக்குள். ஃபில்டரைத் திறக்க வேண்டியிருப்பதால் ஸ்கர்ட்டிங்கை (தரையோரம் மறைக்கும் பட்டை) கழற்றி மாட்டும்படி கிளிப்பில் மாட்டுவது.

இரட்டைக் கதவுக்குச் சாதாரண 105 டிகிரி கீல் போட்டால், திறந்த பிறகும் பலகை வாய்க்குள் துருத்தி நிற்கிறது. சோப்புத்தூள் டிராயரும் மெஷின் கதவும் அதில் இடிக்கும். 165 டிகிரி கீல் ஒதுங்கும்தான், ஆனால் இடப்பக்கம் ஒட்டினாற்போல் சுவர். பாக்கெட் டோருக்கு (திறந்ததும் பெட்டிக்குள் பக்கவாட்டில் தள்ளிவிடும் கதவு) மெஷினின் பக்கத்துக்கு இருக்கும் 30 மி.மீ. போதவே போதாது.

இடப்பக்கம் 50 மி.மீ. ஃபில்லர் (இடைவெளி நிரப்பும் பட்டை) வைத்துக் கதவைத் தள்ளி மாட்டலாமா, இல்லை இரண்டு கதவையும் மடக்குக் கதவாக வலப்பக்கமே தொங்கவிடலாமா? அந்த எடைக்குக் கீல் தாங்குமா?

இன்னொன்று, ஈரக்காற்று வெளியேறக் கதவில் லூவர் (சாய்ந்த பட்டைகள்) வைத்தால் தூசி அடைகிறது என்கிறார் ஆசாரி. மேலும் கீழும் 20 மி.மீ. இடைவெளி விட்டால் போதுமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.