சிபிஆர் பயிற்சி: திரை இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் தடுமாற்றம்

ஸ்கில்லேப் டியூட்டர்:
நர்சிங் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி, எடுக்கிறேன். எங்கள் மேனிக்கினோடு (பயிற்சிப் பொம்மை) ஒரு திரை உண்டு. நெஞ்சை 5 சென்டிமீட்டர் அழுத்தினால் பச்சைக் கோடு வரும், குறைந்தால் மஞ்சள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற கணக்குக்கு டிக்டிக் சத்தமும் உண்டு. போதாததற்கு நானும் ஒரு வீடியோ செய்து, படிகளை எழுத்திலும் குரலிலும் சேர்த்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். எல்லாரும் பச்சை வாங்கினார்கள். எனக்கும் பெருமைதான்.

போன வாரம் நடுவில் கரண்ட் போய்விட்டது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். அதே பிள்ளைகள் 140க்குப் போகிறார்கள். இரண்டு பேர் அழுத்திய கையைத் தளர்த்தவே இல்லை. நெஞ்சு முழுசாக மேலே வந்தால்தானே இதயத்தில் ரத்தம் நிரம்பும்? ஒருத்தி, "மேடம், கோடு தெரியலையே" என்கிறாள். நோயாளி நெஞ்சில் கோடா தெரியும்! இதில் எதை வைப்பது, எதை எடுப்பது?

ஐசியூ அக்கா:
முதலில் வீடியோவில் இருக்கும் எழுத்தை எடுங்கள். படத்தைப் பார்க்கிற கண்ணேதான் எழுத்தையும் படிக்க வேண்டும். குரல் அதையே சொல்லும்போது எழுத்து வெறும் சுமை. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்.

பிஎல்எஸ் பயிற்றுநர்:
வீடியோ மேல் பழி போட வேண்டாம். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) வகுப்பிலேயே வீடியோவைப் பார்த்தபடி அழுத்த வைக்கிறோம். சிக்கல், உங்கள் திரை கடைசிவரை கூடவே இருப்பதுதான். டிக்டிக் சத்தம் முதல் சுற்றுக்கு மட்டும் போதும். அப்புறம் திரையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் முடிந்ததும், "எவ்வளவு வேகம் போட்டிருப்பாய்?" என்று கேளுங்கள். அவர்கள் ஒரு எண்ணைச் சொன்ன பிறகு காட்டுங்கள். கை தளர்வதை மட்டும் நீங்கள் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், பச்சைக் கோட்டை நம்பி அதை விட்டுவிடாதீர்கள்.

ஸ்கில்லேப் டியூட்டர்:
நன்றி சார், அக்கா. எழுத்தை எடுத்துவிட்டேன். இன்று கேட்டுப் பார்த்தேன். "110 இருக்கும் மேடம்" என்றாள் ஒருத்தி, திரையில் 132. அவளே சிரித்துவிட்டு மறுபடி மண்டியிட்டாள், இந்த முறை 118. திரையைத் திருப்பத்தான் முடியவில்லை, வயர் குட்டை. இப்போதைக்குக் கையுறை வந்த அட்டைப்பெட்டியை அதன் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.