கவினோட ஏர்ஃபீல்டு மாடல் (குடும்பக் குழு)

கவின்: பெரியப்பா, ரெண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் பாம்பர் பயிற்சித் தளம் மாடல் பண்றேன். ஸ்கேல் 1:2000. ரன்வே ஒண்ணு போதும்ல?

பெரியப்பா: போதாதுடா. 1942ல பிரிட்டிஷ் பாம்பர் தளங்களுக்கு வெச்ச ‘கிளாஸ் ஏ’ அளவுப்படி மூணு வேணும். பெருசு 2000 கஜம், மத்த ரெண்டும் 1400. அகலம் 50 கஜம். உன் ஸ்கேல்ல 91 செ.மீ., 64 செ.மீ., அகலம் 2.3 செ.மீ. ஒண்ணுக்கொண்ணு சுமாரா 60 டிகிரி.

சித்தி: அந்தக் கோணம் முக்கியம். வால் சக்கர விமானத்தைப் பக்கக் காத்து இழுத்துத் திருப்பிடும். 60 டிகிரி வெச்சா எந்தக் காத்துக்கும் 30 டிகிரிக்குள்ள ஒரு ரன்வே கிடைக்கும்.

பெரியப்பா: சுத்தி 50 அடி டாக்ஸி பாதை, அதுல கிளை விட்டு வாணலி மாதிரி வட்ட நிறுத்துமிடங்கள். சிதறி வை. வரிசையா நிறுத்தினா எதிரி விமானத்துக்கு விருந்து 😄

கவின்: நாலு எஞ்சின் பாம்பர் லங்காஸ்டரை நிறுத்தவா?

மாமா: வேண்டாம். உன்னோடது ஓ.டி.யூ., அதாவது போருக்குப் போறதுக்கு முன்னாடி விமானக் குழுக்களைப் பழக்கற பிரிவு. அதுக்கு ரெண்டு எஞ்சின் வெலிங்டன்தான் பொருத்தம். பைலட், நேவிகேட்டர், கன்னர்னு எல்லாரையும் ஒரு பெரிய ஹேங்கர்ல விட்டு, ‘நீங்களே குழு சேந்துக்குங்க’ன்னுடுவாங்க. நாலு எஞ்சின் பழக்கம் அடுத்த கட்டம், ஹெவி கன்வர்ஷன் யூனிட். ஃப்ளைட் இன்ஜினியர் அங்கதான் வந்து சேருவார்.

கவின்: பயிற்சியிலயே நிறைய பேர் செத்தாங்களாமே?

மாமா: ஆயிரக்கணக்குல. ஓடித் தேஞ்ச எஞ்சின், மோசமான வானிலை, மலை. எனக்கு ரொம்பக் கொடுமையாப் படறது ராத்திரி டேக்ஆஃப். வெளிய கும்மிருட்டு, அடிவானமே தெரியாது. வேகம் கூடும்போது முதுகு சீட்ல அழுந்தும். காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு அதை ‘மூக்கு ரொம்ப மேல போகுது’ன்னு எடுத்துக்கும். பைலட் ஸ்டிக்கை முன்னாடி தள்ளுவார். நல்லா ஓடற விமானம் நேரா தரையில போய் மோதும். உடம்பு சொல்றதை விட்டுட்டு செயற்கை அடிவானத்தையும் ஆல்டிமீட்டரையும் பாக்கறதுதான் ஒரே வழி.

சித்தி: ஸ்காட்லாந்து லாக் நெஸ் ஏரியில இருந்து 1985ல வெளிய எடுத்த வெலிங்டனும் பயிற்சியில போனதுதான். லாசிமவுத்ங்கற ஸ்காட்லாந்து தளத்தோட 20ஆம் ஓ.டி.யூ. விமானம். 1940 டிசம்பர் 31 அன்னிக்கு எஞ்சின் கோளாறால ஏரியில இறங்கிடுச்சு. இப்ப புரூக்லண்ட்ஸ் மியூசியத்துல இருக்கு.

மாமா: கவின், தளத்துல இருந்து தள்ளி ஒரு சிவப்பு எல்.இ.டி. வை. அதுதான் பண்டிட் பீக்கன், ராத்திரி எந்தத் தளம்னு பைலட்டுக்குச் சொல்ற விளக்கு. தளத்தோட ரெண்டெழுத்துக் குறியை மோர்ஸ்ல மின்னணும். தளத்துலயே வெச்சுடாதே, எதிரிக்கும் வழி காட்டும்.

கவின்: சூப்பர். ஆனா என் பலகை மொத்தமே 75 செ.மீ.தான் 🙈

பெரியப்பா: 1:3000க்கு மாத்து. பெரிய ரன்வே 61, சின்னது 43, அகலம் 1.5. டாக்ஸி பாதை 5 மி.மீ., பட்டை மார்க்கரால இழுத்துடு.