திருக்கை முள்ளு கேஸும் அந்த சிஸ்டரும்: உங்களுக்கும் இப்படி நடந்துருக்கா?

மணல்மேடு:
எம்ஆர்பி, அதான் அரசு டாக்டர் வேலைக்கான பரீட்சை, எழுதி முதல் போஸ்டிங். கடலோரத்துல ஒரு பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்), பேர் வேணாம். காலைல ஏழு மணி இருக்கும், கரைவலை இழுத்த பெரியவர் ஒருத்தர தூக்கிட்டு வந்தாங்க, கணுக்கால்ல திருக்கை அடிச்சிருக்கு. நான் குவார்ட்டர்ஸ்லருந்து வர்றதுக்குள்ள சிஸ்டர் ஒரு பக்கெட்டுல வெந்நி ஊத்தி அவர் கால உள்ள விட்டுட்டாங்க. எனக்கு வந்துச்சே கோவம், எல்லாரும் நிக்கிறாங்க, "என்ன சிஸ்டர் நாட்டு வைத்தியம் பண்றீங்க"ன்னு கத்தி கால வெளிய எடுக்க வச்சு டைக்ளோ வலி ஊசி போடச் சொன்னேன். அஞ்சு நிமிஷத்துல மனுசன் கட்டில் கம்பியப் பிடிச்சுட்டு அலற ஆரம்பிச்சுட்டாரு. அந்த நேரம் பாத்து எங்க மேலதிகாரி, வட்டார மருத்துவ அலுவலர் பிஎம்ஓ சார் உள்ள வந்து "கால ஏன் வெளிய எடுத்தீங்க"ன்னு கேக்குறாரு. சிஸ்டர் என் முகத்தக் கூட பாக்கல. "தண்ணி ஆறிப்போச்சு சார், மாத்தத்தான் எடுத்தேன்"ன்னாங்க. அந்த ஒரு வரி ஆறு வருஷமா எனக்குள்ள கெடக்கு. நான் அவங்க கிட்ட ஒரு சாரி கூட சொல்லல.

தொண்டி_சிஸ்டர்:
டாக்டர், தப்பா நெனைக்காதீங்க, அவங்க உங்கள காப்பாத்துனத மட்டும்தான் சொல்றீங்க, நோயாளி முன்னாடி கத்துனீங்களே, அதுக்கப்புறம் அந்த ஊர் சனம் அந்த சிஸ்டர் பேச்ச நம்பிருக்குமா? எனக்கும் ஒண்ணு இருக்கு. இங்க வர்றதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரில லேபர் வார்டு நைட். ஃபிட்ஸ் வந்த பொண்ணு, ஃபிட்ஸ நிறுத்துற மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) ஓடிட்டிருக்கு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ போடுற டோஸ் அஞ்சு கிராம் போடணும். முட்டியத் தட்டிப் பாத்தா ஜெர்க் இல்ல, மூச்சு நிமிஷத்துக்கு 12, யூரின் பேக்ல ஒண்ணுமே ஏறல, மருந்து ஒடம்புல மிஞ்சிப்போச்சுன்னு தெரிஞ்சுது. ட்ரெயினிங் டாக்டர் கிட்ட சொன்னா நோட்டுலருந்து தலையத் தூக்காம "எழுதிருக்கறதப் போடுங்க சிஸ்டர்"ங்குறாரு. நான் போடல. அதுக்கு மாத்து மருந்தான கால்சியம் குளுக்கோனேட்ட கைல எடுத்து வச்சுட்டு அசிஸ்டென்ட் புரொஃபசர் மேடத்துக்கு போன் போட்டேன், அவங்க ஓடி வந்து நிறுத்தச் சொன்னாங்க. பொண்ணு நல்லாருக்கா. மறுநாள் எனக்குத்தான் மெமோ, ஆர்டர மீறுனேன்னு.

சேதுகரை டாக்டர்:
சிஸ்டர், நீங்க நிறுத்துனது சரிதான், ஆனா டாக்டர் சொன்னத, நீங்க பாத்தத, போன் பண்ண நேரத்த எல்லாம் கேஸ் ஷீட்ல எழுதிருந்தா மெமோ நின்னுருக்காது. நானும் ஒரு தடவ வார்டுல ஏஎன்எம் (கிராம சுகாதார நர்ஸ்) சொன்னத கேக்காம பட்டுருக்கேன், அது கெடக்கட்டும். திருக்கை கேஸ் பாக்குறவங்க கவனிங்க. அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுரும், அதான் வெந்நி, நாட்டு வைத்தியம் எல்லாம் இல்ல. 45 டிகிரிக்கு மேல போகக்கூடாது, அரை மணிலருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் வைக்கலாம், அடிபடாத கால முதல்ல விட்டுப் பாக்கணும், ஏன்னா அடிபட்ட கால்ல சூடு தெரியாம வெந்துரும். முள்ளு உள்ள ஒடிஞ்சு கெடக்கும், எக்ஸ்ரே எடுங்க, டிடி (டெட்டனஸ் தடுப்பூசி) போடுங்க, காயத்த இறுக்கித் தைக்காதீங்க. நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தி நின்னா புடுங்கவே கூடாது, அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

மணல்மேடு:
தொண்டி சிஸ்டர், நீங்க சொல்றது சரி. அதுக்கப்புறம் ஊசி போட்டுக்க வந்த ஆயா ஒண்ணு அந்த சிஸ்டர் கிட்ட "டாக்டர் பாக்கட்டும் தாயி"ன்னு சொன்னத என் காதால கேட்டேன்.

நூத்தியெட்டு:
நான் 108 ஆம்புலன்ஸ்ல முதலுதவி பண்ற இஎம்டி, ராமேஸ்வரம் பக்கம். விசைப்படகு வின்ச்சுல கயிறு சுத்தி ஒரு பையனுக்கு முழங்கை வரைக்கும் நசுங்கிப் போச்சு. மேல ரத்தத்த நிறுத்துற டூர்னிக்கே கட்டு போட்டு, கட்டுன நேரம் 2.40ன்னு அவன் நெத்தில பேனாவுல எழுதிட்டு பாம்பன் பாலம் ஏறுனோம். கேசுவாலிட்டில இறக்கி நேரத்த வாயால சொன்னேன், டூட்டி டாக்டர் "சரி சரி, நகருங்க"ன்னாரு. நான் ஸ்ட்ரெச்சர மடக்கிட்டு திரும்பிப் பாக்குறேன், யாரோ ஸ்பிரிட் பஞ்ச வச்சு அந்தப் பையன் நெத்தியத் தொடைச்சுட்டு இருந்தாங்க.