மூக்கோரமாக ஏறிய நிழல்: விழித்திரை சிகிச்சை அனுபவங்கள்

எனக்கு சின்ன வயதிலிருந்தே மைனஸ் பவர், அதுவும் 9. ஒரு வியாழக்கிழமை காலை, வலது கண்ணில் கரித்தூள் சிந்தியதுபோலப் புள்ளிகள். இருட்டில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் மின்னல் வெட்டியது. வலி இல்லை, சிவப்பும் இல்லை. சரி, தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை மூக்குப் பக்கம் கீழிருந்து ஒரு நிழல் ஏறத் தொடங்கியது. அப்புறம்தான் ஓடினேன்.

கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். ரெட்டினாவில், அதாவது விழித்திரையில் மேலே, காதுப் பக்கமாகக் கிழிசல். "அன்றே வந்திருந்தால் லேசரோடு முடிந்திருக்கலாம். இப்போது கிழிசல் வழியே நீர் புகுந்து ரெட்டினா உரிய ஆரம்பித்துவிட்டது. நடுவிலுள்ள, கூர்மையான பார்வை தரும் மாகுலா இன்னும் ஒட்டியிருக்கிறது, நாளைக்கே செய்துவிடலாம்" என்றார் மருத்துவர்.

செய்தது விட்ரெக்டமி. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டு, ரெட்டினாவைப் படிய வைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, சி3எஃப்8 என்ற வாயுவை நிரப்பினார்கள். கண்ணை மரக்க வைத்துத்தான் செய்தார்கள், வலி தெரியவில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். வாயுக் குமிழி எப்போதும் மேலே எழும். கிழிசல் இருக்கும் இடம் மேலே வருமாறு தலையை வைத்தால்தான் அது அங்கே அழுத்திப் பிடிக்கும். குப்புறப் படுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மாகுலாவில் துளை விழுந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்களாம். எனக்கு இடது பக்கம் ஒருக்களித்து ஒரு வாரம். கழுத்து இற்றுப்போனது. ஆனாலும் ஏமாற்றாமல் படுத்தேன்.

அந்த நாட்களில் இதன் வரலாற்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெட்டினா உரிந்தால் பார்வை போனதுதான் என்றிருந்த காலத்தில், கிழிசலை அடைத்தால் மீண்டும் ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின். 1970 வாக்கில் விட்ரெக்டமியைக் கொண்டுவந்தவர் ராபர்ட் மேக்கமர். இருவருக்கும் மனதாரக் கும்பிடு போட்டேன்.

குமிழி கரையக் கரைய, தண்ணீர் மட்டம்போல ஒரு கோடு பார்வையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. முழுதும் மறைய ஏழு வாரம் ஆனது. அதுவரை விமானம் ஏறக் கூடாது, உயரம் கூடினால் காற்றழுத்தம் குறைவதால் மலைப்பாதையும் கூடாது. உயரத்தில் குமிழி விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறிவிடும். வேறு அறுவை சிகிச்சை வந்தால் நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்து தரக் கூடாது என்று மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டார்கள். பின்னாளில் அதே கண்ணில் புரை வந்தது, அது முன்கூட்டியே சொன்னதுதான்.

*

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் மாகுலாவில் நீர் கோத்துக்கொண்டது. கண்ணுக்குள்ளேயே ஊசி என்றதும் இரவெல்லாம் அழுதார். ஆனால் மரக்கும் சொட்டு போட்டபின் ஒரு அழுத்தம் மட்டும்தான், சில நொடிகள்.

நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஊசியில் எழுத்து தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். சில மாதங்களில், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் மறுபடி வீக்கம். ரத்தக்குழாய் கசிவைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அந்த மருந்து கொஞ்ச காலம் அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். தொடர்ந்து போட்டபின் இப்போது இடைவெளி கூடியிருக்கிறது.

இன்னொரு கண்ணில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்ததால் லேசர். பார்வை கூடவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தம். அந்த லேசர் பார்வையைக் கூட்ட அல்ல, ரத்தம் கசிந்து, இருக்கும் பார்வையும் போய்விடாமல் காக்க. இருட்டில் கொஞ்சம் தடுமாறுகிறார், அதையும் முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஊசி போட்ட சில நாட்களில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை மங்கினால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம்.

*

என் தம்பிக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை செல்கள் மெல்ல மெல்ல அழியும் மரபணு நோய். மாலைக்கண்ணில் ஆரம்பித்து, குழாய் வழியே பார்ப்பதுபோலச் சுருங்கிவிட்டது. முழுப் பார்வை திரும்பும் என்று சொன்ன ஒருவரை நம்பி இரண்டு வருடம் போனது, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை, ஆர்பிஇ65 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மட்டும். மரபணுப் பரிசோதனை செய்தோம், இவனுடையது வேறு. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். போன மாதம் வெள்ளைக்கோல் பயிற்சிக்குச் சேர்ந்தான். நேற்று இருட்டிய பிறகு தனியாக நடந்து வீடு வந்தான்.